அரை நொடித் தாமதம்

கான்ஃபிகர். மேக். மேக் இன்ஸ்டால்.

லினக்ஸ் சர்வரோடு கொஞ்ச காலமாவது குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்த மூன்று கட்டளைகளும் மனப்பாடம். ஒரு திறந்த மூல மென்பொருளின் மூலநிரலை இறக்கி, பொதியைப் பிரித்து, உள்ளே போய் இந்த மூன்றையும் வரிசையாக அடித்தால், கறுப்புத் திரையில் சில நிமிடங்கள் எழுத்து மழை பெய்யும். மழை விட்டதும் ஒரு மென்பொருள் உங்கள் இயந்திரத்திலேயே பிறந்திருக்கும். ஏன் இந்த மூன்று, ஏன் இந்த வரிசை என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில், அரை நூற்றாண்டு வரலாறு.

அந்த வரலாற்றை ஒரு குறிப்பிட்ட வகை மென்பொருளை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்: சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள். காரணம் இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருளின் பிழைப்பே சந்தேகம்தான். மற்ற எல்லாவற்றையும் பார்த்து "நீ உயிரோட இருக்கியா?" என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்பது அதன் வேலை. அப்படிப்பட்ட ஒன்றை நாம் எதை நம்பி நிறுவுகிறோம்?

1

முதல் கேள்வியைக் கேட்டவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரியில் வேலை பார்த்தவர். 1983 டிசம்பரில் அங்கே நெட்வொர்க் ஏதோ கிறுக்குத்தனம் செய்தது. எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, எதிர்முனைக்கு ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை நேரமாகிறது என்று அளக்கும் நிரலை ஒரே இரவில் எழுதினார். கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை. அந்த வகைப் பொட்டலத்தை அனுப்ப இயங்குதளத்தின் கர்னலிலேயே வசதி இல்லை. கோபத்தில் கர்னலுக்குள் இறங்கி அதையும் எழுதிச் சேர்த்துவிட்டார். விடிவதற்குள் எல்லாம் ஓடியது. அதற்குள் சக ஊழியர் ஒருவர் பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார் என்பது தனிக்கதை. நீர்மூழ்கிகள் கேட்கும் சோனார் ஒலியின் நினைவாக அந்த நிரலுக்கு மூஸ் வைத்த பெயர் பிங்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூஸால் கர்னலைத் திருத்த முடிந்தது, ஏனென்றால் கர்னலின் மூலநிரல் அவர் கையில் இருந்தது. கருவி இல்லையா, செய்துகொள். கருவியை வைக்க இடம் இல்லையா, சுவரை இடித்துக் கட்டிக்கொள். அந்தக் காலத்து யூனிக்ஸ் ஆட்களின் புத்தி இப்படித்தான் ஓடியது.

மூஸே சொல்லிச் சென்ற ஒரு கதை உண்டு. விட்டுவிட்டு அறுந்துபோகும் ஈதர்நெட் இணைப்போடு மல்லாடிய ஒரு நிர்வாகி, பிங்கின் விடைகளைக் குரலாக மாற்றி அலுவலக ஸ்டீரியோவில் சத்தமாக ஓடவிட்டாராம். நொடிக்கொரு தரம் "பிங், பிங்" என்று அது கத்த, இவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்திருக்கிறார். சத்தம் எங்கே நின்றதோ அங்கே கோளாறு. இன்று ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்பும் அலெர்ட்டின் முப்பாட்டன் அந்த ஸ்டீரியோதான்.

2

பிங் ஒரு கணத்தைத்தான் சொல்லும். நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி என்று அதற்குத் தெரியாது. அந்த ஞாபகத்தைக் கொடுத்தவர் டோபியாஸ் ஓட்டிகர் என்ற சுவிஸ்காரர். 1994இல் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அந்த முழுப் பல்கலைக்கழகத்துக்கும் வெளியுலகத் தொடர்பு நொடிக்கு 64 கிலோபிட் போகும் ஒரே ஒரு லைன். இன்று ஒரு வாட்ஸ்அப் கால் அதை நிரப்பிவிடும். அந்த லைன் எப்போது நெரிசலாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லாருக்கும் ஆசை. ஓட்டிகர் பெர்ல் மொழியில் ஒரு நிரல் எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரைக் கேட்டு, அதை வரைபடமாக்கி இணையப் பக்கத்தில் போட்டார். எம்.ஆர்.டி.ஜி. பிறந்தது. உள்ளே வருவது பச்சை, வெளியே போவது நீலம்.

1999இல் அதன் சேமிப்புப் பகுதியைப் பிரித்து ஆர்.ஆர்.டி.டூல் என்று தனியாக வெளியிட்டார். அதில் ஓர் அழகான யோசனை இருந்தது. தரவுக் கோப்பின் அளவு முதல் நாளே நிர்ணயிக்கப்பட்டுவிடும். அதற்கு மேல் வளராது. புதியது வரவர மிகப் பழையதன் மேல் எழுதப்படும். சமீபத்திய நாட்கள் நுணுக்கமாக இருக்கும். பழைய மாதங்கள் சராசரியாகச் சுருங்கிவிடும். நம்முடைய ஞாபகமும் ஏறக்குறைய இப்படித்தானே.

3

மூன்றாவது ஆள் ஈதன் கால்ஸ்டாட், அமெரிக்கர். 1996இல் நோவெல் நெட்வேர் சர்வர்களைப் பிங் செய்து, செத்துப்போனால் பேஜருக்கு எண்களை அனுப்பும் ஒரு சின்ன எம்.எஸ். டாஸ் நிரலோடு ஆரம்பித்தவர். அதே யோசனையை லினக்ஸுக்காக விரித்து 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார். பெயருக்கு வணிகமுத்திரைச் சிக்கல் வந்ததால் 2002இல் அது நேகியோஸ் ஆனது. ஆகியோஸ் என்றால் கிரேக்கத்தில் புனிதர். புனிதர் பட்டத்துக்கு இனி அடம்பிடிக்கமாட்டோம் என்று பொருள் வரும்படி எழுத்துகளை விரித்து, பழைய பெயரைக் கிண்டலடித்துக்கொண்டார்கள்.

நேகியோஸின் பலம் அதன் சோம்பேறித்தனம். மைய நிரலுக்குத் தானாக எதையும் சோதிக்கத் தெரியாது. வட்டு நிரம்பிவிட்டதா, வெப் சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்ப்பதெல்லாம் ப்ளகின் எனப்படும் தனித்தனிச் சிறு நிரல்கள். அவை கடைசியில் ஓர் எண்ணைத் திருப்பினால் போதும். 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை. அவ்வளவுதான் ஒப்பந்தம். எந்த மொழியிலும் எழுதலாம். உங்கள் சர்வர் அறையின் ஏசி ஓடுகிறதா என்று பார்க்கப் பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினால் அதுவும் ப்ளகின்தான். உலகம் முழுக்க ஆட்கள் எழுதிக் குவித்ததற்குக் காரணம் இந்த எளிமை.

அந்த 3 எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெரியவில்லை என்று சொல்ல ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும். இன்னொரு நாகரிகமும் அதற்கு உண்டு. ஒருமுறை தோற்றதும் ஊரைக் கூட்டாது. மென்னிலை என்று குறித்துக்கொண்டு, நாம் சொன்ன எண்ணிக்கைப்படி மறுபடியும் கேட்டுப் பார்க்கும். எல்லா முறையும் தோற்றால்தான் வன்னிலை. அப்போதுதான் ஆளை எழுப்பும்.

என் முதல் வேலையில் ராத்திரி ஷிஃப்ட் சீனியர் ஒருவர் இருந்தார். திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் நாங்கள் டீ குடிக்கக் கிளம்புவோம். அவர் சொல்வார்: "தம்பி, பச்சைன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. நாம கேட்ட கேள்விக்கு நல்ல பதில் வந்திருக்குன்னு அர்த்தம். என்ன கேட்டு வச்சிருக்கோம்னு போய்ப் பாரு." இந்தக் கட்டுரையின் பிற்பகுதி அவர் சொன்னதற்கு ஓர் உரைதான்.

4

நேகியோஸைப் பலரும் மூலநிரலிலிருந்துதான் கட்டினார்கள். லினக்ஸ் விநியோகங்கள் தரும் தயார்ப் பொதிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கியிருக்கும். கோப்புகளை அவரவர் வழக்கப்படி அங்கங்கே வைத்திருக்கும். மூலநிரலிலிருந்து கட்டினால் எல்லாம் ஒரே அடைவுக்குள் அடங்கும். முதலில் சி கம்பைலரும் தேவையான நூலகங்களும். அப்புறம் நேகியோஸுக்கென்று தனிப் பயனர், தனிக் குழு. கான்ஃபிகர். மேக் ஆல். பிறகு மேக் இன்ஸ்டால். அது ஒன்றல்ல, பல: நிரலை வைக்க ஒன்று, சர்வர் எழும்போது தானாக எழ ஒன்று, மாதிரி அமைப்புக் கோப்புகளுக்கு ஒன்று, வெப் சர்வரோடு இணைக்க ஒன்று. கடைசியில் ப்ளகின்களுக்குத் தனியாக இன்னொரு சுற்று. எரிச்சல்தான். ஆனால் முடிக்கும்போது உங்கள் சர்வரில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதில் மேக் மூத்தது. 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. யாக் நிரலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஒருநாள் விதியைத் திட்டிக்கொண்டே அவர் அறைக்குள் நுழைந்தார். ஒரு பிழையைத் தேடி முழுக் காலையும் வீணாகிவிட்டது. பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை, அவ்வளவே. ஃபெல்ட்மனுக்கும் முந்தின நாள் மாலை அதே கதி. அந்த வார இறுதியில் மேக் உருவானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், தேதி பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி கட்டும். கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்கவேண்டும் என்ற அதன் விதி இன்றுவரை புதியவர்களைப் படுத்துகிறது. அதை மாற்ற ஃபெல்ட்மன் நினைத்தபோது ஏற்கெனவே ஒரு டஜன் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காகக் காட்டிய தாட்சண்யம், இப்போது உலகம் முழுக்க அனுபவிக்கிறோம்.

கான்ஃபிகர் இளையது. 1991 ஜூனில் டேவிட் மெக்கன்ஸி, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காகப் பல க்னூ நிரல்களைப் பராமரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கம்பெனியின் யூனிக்ஸும் ஒவ்வொரு விதம். பயனர்கள் தங்கள் இயந்திரத்துக்கு ஏற்றபடி ஏறக்குறைய 20 தெரிவுகளைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவற்றைத் தானாக ஊகிக்க ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். அது வளர்ந்து ஆட்டோகான்ஃப் ஆனது. அதன் தத்துவம் எளியது: இயந்திரத்தின் பெயரைக் கேட்காதே, செய்து பார். ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய, அதைப் பயன்படுத்தும் குட்டி சி நிரல் ஒன்றை எழுதி, கம்பைல் செய்து, ஆனால் இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. திரையில் ஓடும் எழுத்து மழை இந்தச் சோதனைகள்தான். பல தொகுப்புகளில் முதல் வரிகளுள் ஒன்று, கட்டும் சூழல் சித்தசுவாதீனத்தோடு இருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும். உண்மையில் அது முக்கியமாகப் பார்ப்பது கடிகாரத்தை. புதிதாக உருவாக்கிய கோப்பின் தேதி பழையதைவிடப் புதியதாக இருக்கிறதா என்று.

ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது, பின்னால் வேண்டியிருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை மனிதர்கள் நேரடியாக எழுதுவதில்லை. பராமரிப்பாளர் ஒரு சுருக்கக் கோப்பை எழுதுவார். அதிலிருந்து ஆட்டோகான்ஃப் ஆயிரக்கணக்கான வரிகளை உற்பத்தி செய்யும். பயனரின் இயந்திரத்தில் ஆட்டோகான்ஃப் இருக்கவேண்டாம் என்பதற்காக, உற்பத்தியான ஸ்கிரிப்ட்டையே வெளியீட்டுப் பொதியில் சேர்த்து அனுப்புவார்கள். ஆகவே பொதியில் இருப்பதும் பொதுக் களஞ்சியத்தில் இருப்பதும் ஒன்றல்ல. அந்த ஸ்கிரிப்ட்டை யாரும் படிப்பதும் இல்லை. படிக்கவும் முடியாது.

5

மூலநிரல் கையில் இருப்பதன் முதல் பயன் கட்டுவது. இரண்டாவது பயன் பிரிந்து போவது. 2009 மே மாதம், நேகியோஸின் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது, வெளியிலிருந்து வரும் பங்களிப்புகளுக்கு இடம் போதவில்லை என்று நினைத்த ஒரு குழு, அதே நிரலை எடுத்துக்கொண்டு இசிங்கா என்று தனிக்குடித்தனம் போனது. பெயர் ஜூலு மொழிச் சொல். தேடிப் பார்க்கிறது என்று பொருள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜி.பி.எல். உரிமம் அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டது. 2014இல் இசிங்கா 2 முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வந்தது.

இதற்கிடையே லாட்வியாவில் அலெக்ஸி விளாடிஷெவ் எழுதிய ஸாபிக்ஸ் 2001இல் திறந்த மூலமாக வெளிவந்து வளர்ந்தது. பெர்லினில் சவுண்ட்க்ளவுட் நிறுவனத்தில் கூகுளிலிருந்து வந்த பொறியாளர்கள், அங்கே பார்த்த போர்க்மான் என்ற அமைப்பின் நினைவில் 2012இல் ப்ரொமீதியஸைத் தொடங்கினார்கள். கோ மொழியில் எழுதியது. ஒரே ஒரு பைனரி. இறக்கு, ஓட்டு. அல்லது டாக்கரில் ஒரு வரி. இன்று வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளில் பலர் கான்ஃபிகரை ஒருமுறைகூட அடித்திருக்கமாட்டார்கள். அதில் தப்பே இல்லை. ஆயிரம் கன்டெய்னர்கள் நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் இடத்தில் யார் உட்கார்ந்து கம்பைல் செய்வது? கட்டும் வேலை எங்கேயும் போய்விடவில்லை. வேறு யாரோ, நாம் பார்க்காத இடத்தில் செய்கிறார்கள்.

6

அந்தப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கலாம் என்று 2020 டிசம்பரில் தெரிந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன், நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள். மூடிய நிரல். அதைக் கட்டும் சர்வருக்குள் ஊடுருவியவர்கள் ஒரு சின்ன நிரலை உட்கார வைத்திருந்தார்கள். அது காத்திருக்கும். ஓரியனைக் கம்பைல் செய்யும் வேலை தொடங்கியதும் ஒரு மூலக்கோப்பை மாற்றி வைக்கும். முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துவிடும். நிறுவனத்தின் பொறியாளர்கள் எத்தனை முறை மூலநிரலைப் படித்தாலும் அதில் குற்றமில்லை. வெளியே போன அப்டேட்டில் நிறுவனத்தின் முறையான டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. அவர்களில் அமெரிக்க அரசுத் துறைகளும் உண்டு. எல்லாச் சர்வர்களுக்கும் கதவு திறந்து வைத்திருக்கும் காவல்காரனைத்தான் திருடர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் மோப்பம் பிடித்தது ஃபயர்ஐ நிறுவனம். தங்கள் ஊழியர் ஒருவரின் கணக்கில் புதிதாக ஒரு ஃபோன் பதிவாகியிருந்ததை யாரோ ஒருவர் கவனித்துக் கேள்வி கேட்டார்.

மூடிய நிரல் என்பதால்தான் இப்படி, திறந்த மூலமாக இருந்தால் நாமே கட்டிக்கொண்டிருப்போம் என்று சொல்லத் தோன்றும். அந்தத் திமிருக்கு 1984லேயே பதில் எழுதிவிட்டார் கென் தாம்ஸன், யூனிக்ஸின் தந்தைகளில் ஒருவர், தன் டூரிங் விருது உரையில். கம்பைலரையே கெடுத்துவிட்டால்? லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது அது ஒரு கள்ளச்சாவியைச் சேர்க்கும். கம்பைலரின் சுத்தமான மூலநிரலைக் கம்பைல் செய்யும்போது, இந்தக் கெட்ட புத்தியையே மறுபடி சேர்க்கும். மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் தடயம் கிடைக்காது. ஒரு நிரலை நம்புவது என்பது கடைசியில் அதைக் கட்டிய மனிதர்களை நம்புவதுதான் என்று முடித்தார்.

நாற்பது வருடம் கழித்து அது எக்ஸ்இஸட் வடிவில் வந்தது. எக்ஸ்இஸட், லினக்ஸில் எங்கும் பரவியிருக்கும் ஒரு சுருக்கும் நூலகம். ஃபின்லாந்தின் லாஸே காலின் பல வருடங்கள் அதைக் கிட்டத்தட்டத் தனியாக, சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலையாகப் பராமரித்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவ ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள்தான். காலின் சோர்ந்திருந்த சமயத்தில், வேறு சில பெயர்களில் வந்தவர்கள் ஏன் இத்தனை மெதுவாக வேலை நடக்கிறது, இன்னொருவரைச் சேர் என்று அழுத்தினார்கள். மெல்ல மெல்ல ஜியா டான் கைக்கு வெளியீட்டு அதிகாரம் போனது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளச்சாவி இருந்தது.

எங்கே ஒளித்தார்கள்? நச்சு நிரலைச் சோதனைக் கோப்புகளுக்குள், பார்த்தால் குப்பை என்று தோன்றும்படி. அதை எழுப்பும் வரிகளைக் கான்ஃபிகர் உற்பத்தியாகும் பாதையில், அதுவும் வெளியீட்டுப் பொதியில் மட்டும். பொதுக் களஞ்சியத்தில் அந்த வரிகள் கிடையாது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்ற அந்த 1990களின் வழக்கம், இவர்களுக்கு வாசலாகிவிட்டது.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஸ்கிரிப்ட், தன்னை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தது. டெபியன் பொதியாகவோ ஆர்.பி.எம். பொதியாகவோ கட்டினால்தான் விழித்துக்கொள்ளும். ஆர்வக்கோளாறில் தன் இயந்திரத்தில் கையால் மூன்று கட்டளை அடிப்பவனிடம் நல்லபிள்ளையாக இருக்கும். ஏனென்றால் அவன் ஒரு சர்வர். விநியோகம் என்பது கோடிக்கணக்கான சர்வர்கள். கூடவே, அவன்தான் நோண்டிப் பார்க்கக்கூடியவன்.

இலக்கு எஸ்.எஸ்.ஹெச். சர்வர். அதற்கும் எக்ஸ்இஸட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆனால் சில விநியோகங்கள், நான் எழுந்துவிட்டேன் என்று சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக எஸ்.எஸ்.ஹெச்சில் ஒரு நூலகத்தை ஒட்டியிருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இஸட்டை இழுத்துவந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் வழியாகவே திருடன் உள்ளே வந்தான்.

7

கண்டுபிடித்தவர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். பாதுகாப்பு நிபுணர் அல்ல. 2024 மார்ச்சில் தன் இயந்திரத்தில் ஒரு வேக அளவீட்டுக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். தவறான பெயர்களோடு யார் யாரோ எஸ்.எஸ்.ஹெச். கதவைத் தட்டுவது இணையத்தில் சகஜம். அவை உடனே நிராகரிக்கப்பட வேண்டும். ஆனால் அதற்கே சி.பி.யு. நிறையச் செலவானது. லாகின் நேரத்தை அளந்தார். 0.3 நொடியில் முடிய வேண்டியது 0.8 நொடி எடுத்தது. சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனைகளில் பார்த்த ஒரு விநோத எச்சரிக்கையும் ஞாபகம் வந்தது. இழையைப் பிடித்து இழுத்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் சோதனைக் கிளைகளையும் ஃபெடோராவின் முன்வெளியீட்டையும் எட்டியிருந்த கள்ளச்சாவி, நிலையான பதிப்புகளுக்குப் போகும் முன் பிடிபட்டது.

எந்தக் கண்காணிப்புத் திரையிலும் சிவப்பு எரியவில்லை. எரிந்திருக்கவும் முடியாது. எஸ்.எஸ்.ஹெச். ஓடுகிறதா என்று கேட்டால் 0 என்றுதான் பதில் வரும், ஓடிக்கொண்டிருந்ததே. அரை நொடி என்பது யாரும் எல்லை வகுத்து வைக்காத இடம். மைக் மூஸ் 1983இல் கேட்ட அதே கேள்விதான், போய்த் திரும்ப எத்தனை நேரமாகிறது என்பது. அதை 2024இல் ஒரு மனிதர், தனக்குப் பழகிய இயந்திரத்திடம், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கேட்டார்.

இதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டவேண்டும் என்று சொல்லவரவில்லை. அது நடக்காத காரியம். கட்டினாலும் தாம்ஸன் சிரிப்பார். நடக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. டெபியன் ஆட்கள் 2013இல் தொடங்கிய முயற்சி: ஒரே மூலநிரலை யார், எங்கே, எப்போது கட்டினாலும் கடைசி பைட் வரை ஒரே பைனரி வரவேண்டும். வந்தால், யாரோ கட்டியதை நம்பவேண்டியதில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டி ஒப்பிட்டால் போதும். ஆனால் எக்ஸ்இஸட் விஷயத்தில் அதுகூட முழு விடை அல்ல. நஞ்சு இருந்தது பொதியில்; பொதியை எத்தனை பேர் கட்டினாலும் அதே நஞ்சுதான் வரும். பொதியும் களஞ்சியமும் ஒன்றா என்று யாராவது பார்க்க வேண்டும்.

அந்த யாராவதுக்குத்தான் பஞ்சம். மேக்குக்கு ஒரு வார இறுதி போதுமாக இருந்தது, பிங்குக்கு ஒரு ராத்திரி. பராமரிப்புக்கு மட்டும் ஆயுள் தேவைப்படுகிறது. அதைக் காலின் போல ஒற்றை ஆட்கள் தூக்கிச் சுமக்கிறார்கள். நம் திரைகளில் வட்டு எத்தனை சதவீதம் நிரம்பியது என்று தெரிகிறது. அந்த வட்டை ஓட்டும் நிரலைப் பராமரிப்பவர் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று தெரிவதில்லை. அதற்கு ப்ளகின் கிடையாது. இப்போதைக்கு விடை 3.